பெரியக்காவின் பெயரில் நான் சேமித்த பக்கம்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது பெரியக்காவைப் பற்றி எழுதுவது என்றாலும், இதில் தப்புச் செய்தவன் நான். முதியோர் இல்லத்தில் எனக்கு வைத்த பெயர் கம்ப்யூட்டர். கணினி, அச்சு எந்திரம், தொலைபேசி, மூன்றாம் மாடிக் குளியலறையில் வெந்நீர் போடும் எந்திரம், எது மக்கர் பண்ணினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நானும் போய் முதலில் ஒரு சத்தம் போடுவேன், அப்புறம்தான் கையை வைப்பேன். என் சத்தத்துக்குப் பயந்தே பாதிப் பேர் பழுதானதை வெளியே சொல்ல மாட்டார்கள்.

பெரியக்கா அந்த இல்லத்தின் சமையலறைக்குத் தலைமை. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் பாத்திரம் கழுவ வந்தவர். படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றது. கணவர் லாரி ஓட்டப் போன இடத்தில் விபத்தில் போய்விட்டார். ஒரே மகளைத் தனியாளாக வளர்த்து, படிக்கவைத்து, கட்டிக்கொடுத்தார். இதையெல்லாம் நான் அவர் வாயால் கேட்டதில்லை, மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். அவர் பேசுவதெல்லாம் இன்றைக்கு எத்தனை பேருக்குச் சூப், யாருக்குப் பல் வலி, காய்கறி வண்டி ஏன் இன்னும் வரவில்லை, அவ்வளவுதான்.

இல்லத்தில் நாற்பத்து மூன்று பேர். யாருக்கு உப்பு ஆகாது, யாருக்கு ரொட்டியின் ஓரத்தை வெட்டிக் கொடுக்க வேண்டும், யார் நீலக் கோப்பையைப் பார்த்தால் தட்டையே தள்ளிவிடுவார், எல்லாம் பெரியக்காவின் தலைக்குள் இருந்தது. ஒரு தடவை அவர் காய்ச்சலில் மூன்று நாள் படுத்துவிட்டார். சமையலறையில் யாருக்கும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒரு சர்க்கரை நோயாளிக்குப் பாயசம் மாதிரி இனிக்க இனிக்கக் காலை உணவு போனது. அதற்கப்புறம் மேலாளர் அம்மா உத்தரவு போட்டார்: பெரியக்காவின் தலையில் இருப்பதெல்லாம் ஒரு பக்கத்துக்கு வந்தாக வேண்டும். எல்லோரும் திறந்து பார்க்கிற, திருத்தவும் கூடிய பக்கம். அதாவது விக்கி. அமைத்துக் கொடுத்தது நான். பெரியக்காவுக்குச் சொல்லித் தர வேண்டியதும் நான்தான்.

மத்தியானப் பாத்திரமெல்லாம் கழுவி முடிந்த பிறகு, மூன்று மணிக்கு, மளிகை அறையில் பாடம். வெங்காய மூட்டைக்கும் மாவு டின்னுக்கும் நடுவில் ஒரு சின்ன மேசை, அதன்மேல் கணினி. பெரியக்கா ஈரக் கையை இரண்டு தடவை துடைத்துக்கொண்டு வந்து உட்காருவார். ஒரு நோட்டும் கொண்டுவருவார். நான் சொல்லும் ஒவ்வொரு குறியையும் அதில் பெரிதாக வரைந்து, பக்கத்தில் அது என்ன செய்யும் என்று எழுதிக்கொள்வார். தலைப்புக்கு இரண்டு பக்கமும் இரண்டிரண்டு சமக்குறி. பட்டியலுக்கு வரியின் தொடக்கத்தில் நட்சத்திரம். எழுத்து தடிப்பாக வர இரண்டு பக்கமும் மும்மூன்று ஒற்றை மேற்கோள்.

ஒருநாள் மூன்றுக்குப் பதில் இரண்டு போட்டுவிட்டார். எழுத்தெல்லாம் சாய்ந்து வந்தது. “ஏன் தம்பி, இதுக்கு மயக்கமா?” என்று கேட்டார். இன்னொரு நாள் வரியின் தொடக்கத்தில் ஓர் இடைவெளி விழுந்துவிட, அந்த வரி தனியாகக் கட்டம் கட்டிக்கொண்டு நின்றது. யாரோ செத்துப்போன செய்தி மாதிரி இருக்கிறது என்று பதறினார். சதுர அடைப்புக்குள் ஒரு பெயரைப் போட்டதும் அது சிவப்பாக வந்தது. இல்லாத பக்கத்துக்கு வழி காட்டினால் சிவப்பாகத்தான் வரும் என்று அதற்கு முன்பே நாலு தடவை சொல்லியிருந்தேன். ஆனாலும் மேசையைவிட்டு எழுந்து நின்றுவிட்டார், ஏதோ உடைந்துபோன மாதிரி. நான் கத்தினேன். நன்றாகவே கத்தினேன். அவர் கேட்டுவிட்டு, “கத்துற வேகத்துல பாதி வேகத்துல சொல்லிக் குடுத்தீன்னா எனக்குப் புரிஞ்சிடும்” என்றார்.

நான் அவருக்கு ஒரே ஒரு கட்டளைதான் போட்டேன். முன்னோட்டம் பார்க்காமல் சேமிக்கவே கூடாது. சேமி பொத்தானை அழுத்துவதற்கு முன்னால், பக்கம் எப்படி வரப்போகிறது என்று ஒருதரம் காட்டும், அதை மேலிருந்து கீழ்வரை பார்க்க வேண்டும். பெரியக்கா அதை விரதம் மாதிரி காத்தார். திரையில் ஆள்காட்டி விரலை வைத்து, வரிவரியாக இறங்கி, கடைசி வரிவரை போன பிறகுதான் சேமிப்பார். மாற்றத்துக்கான காரணம் எழுத ஒரு சின்னப் பெட்டி இருக்கும். இல்லத்தில் ஒருவரும் அதை எட்டிப் பார்த்ததில்லை, நானும்தான். பெரியக்கா ஒவ்வொரு தடவையும் எழுதினார். பதினேழாம் அறை அம்மாவுக்குப் பல் எடுத்தாச்சு, அதனால ரொட்டியை நிறுத்தினேன் என்று எழுதுவார். ஏழு மாதத்தில் நூற்றுப் பதினொரு தடவை சேமித்தார். ஒரு தடவைகூடப் பக்கம் கெடவில்லை. எண்ணிப் பார்த்துத்தான் சொல்கிறேன். பின்னால் எனக்கு எண்ணிப் பார்க்க நிறைய நேரம் இருந்தது.

அந்தப் பக்கத்தில் கடைசியாக இருந்தது தண்ணீரைப் பற்றிய பகுதி. பக்கவாதம் வந்து தொண்டைத் தசை தளர்ந்தவர்கள் ஆறு பேர். சாதாரணத் தண்ணீரோ தேநீரோ கொடுத்தால் அது இரைப்பைக்குப் போகாமல் நுரையீரலுக்குப் போய்விடும். அதனால் ஒரு பொடியைக் கலந்து தேன் பதத்துக்குக் கெட்டியாக்கித்தான் கொடுக்க வேண்டும். ஆறு பேரில் ஐந்து பேருக்குப் பணிப்பெண்கள் தாங்களே பொடியைக் கலந்து, பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டுவார்கள். தானே கோப்பையைப் பிடித்துக் குடிப்பவர் ஒருவர்தான், தையல்காரர். எல்லோருக்கும் சட்டைப் பொத்தான் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்த மனிதர். நாலு மணித் தேநீருக்கு மூன்றரைக்கே நாற்காலியை வாசல் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்துவிடுவார்.

ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல், மளிகை அறைக் கணினிக்குப் புது மௌஸ் மாட்டப் போனேன். பெரியக்கா பக்கத்தைத் திறந்து வைத்திருந்தார். காய்கறி வண்டி வந்துவிட்டது, எடை பார்த்துவிட்டு வருகிறேன் என்று பின்வாசலுக்குப் போனார். நான் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தேன். அந்த வாரக் கடைசியில் ஆய்வுக்கு அதிகாரிகள் வருவதாக இருந்தது. பக்கத்தைப் படித்துப் பார்த்தேன். பெரியக்கா தன் வாய் வார்த்தையையே அங்கங்கே எழுதி வைத்திருந்தார். இவர் கோபப்பட்டால் கண்டுக்காதீங்க, பசிதான். இந்தம்மா சாப்பிட்டேன்னு பொய் சொல்லும், தட்டைப் பாருங்க. எனக்கு மானம் போனது. அதிகாரிகள் சிரிப்பார்கள், அமைத்தது யார் என்று கேட்பார்கள். என்னமோ பெரிய இவன் மாதிரி, சரி செய்துவிடலாம் என்று இறங்கினேன்.

அழிக்க மனசு வரவில்லை. மறைத்துவிடலாம் என்று நினைத்தேன். விக்கியில் அதற்கு ஒரு குறி உண்டு. தொடக்கக் குறிக்கும் முடிவுக் குறிக்கும் நடுவில் இருப்பது எழுதுபவருக்கு மட்டும் தெரியும், படிப்பவருக்குத் தெரியாது. முடிவுக் குறியைப் போடாமல் விட்டால், அதற்குக் கீழே இருக்கிற அத்தனையும் பக்கத்திலிருந்து காணாமல் போகும். ஆரம்பநிலைக்காரர்கள் கை வைக்கக்கூடாத குறி என்று, அதைப் பெரியக்காவுக்கு நான் சொல்லித் தரவே இல்லை. மூன்று இடத்தில் மறைத்தேன். மூன்றாவது இடத்தில் கை வைத்திருக்கும்போது தொலைபேசி அடித்தது. மேலாளர் அறையில் அச்சு எந்திரம் தாளைக் கடித்துக்கொண்டதாம். முடிவுக் குறியைப் போடவில்லை. முன்னோட்டம் பார்க்கவில்லை. காரணம் எழுதவில்லை. சேமி என்பதை அழுத்திவிட்டு எழுந்து ஓடினேன்.

அந்தக் கணினியில் திறந்திருந்தது பெரியக்காவின் கணக்கு.

மறுநாள் அவர் மகளுக்குப் பிரசவ நாள், பெரியக்கா விடுப்பு எடுத்திருந்தார். பதிலுக்கு வெளியிலிருந்து ஒரு சமையல்காரம்மா வந்தார். நல்ல பொறுப்பான பெண்மணி. காலையிலேயே பக்கத்தை அச்செடுத்து, தள்ளுவண்டியில் ஒட்டிக்கொண்டு, ஒவ்வோர் அறையாகப் பார்த்துப் பார்த்துத்தான் கொடுத்தார். அந்தத் தாளில் தண்ணீரைப் பற்றிய பகுதியே இல்லை. நாலு மணிக்குத் தையல்காரருக்குச் சாதாரணத் தேநீர் போனது. எத்தனையோ நாளைக்கு அப்புறம் தேநீர் தேநீராக வந்திருக்கிறது, மனிதர் ஆசையாக முழுக் கோப்பையையும் குடித்திருக்கிறார். இருமல் ஐந்தரைவரை நிற்கவில்லை. ஏழு மணிக்கு ஆம்புலன்ஸ் வந்தது.

அடுத்த நாள் காலை மேலாளர் அம்மா என்னைக் கூப்பிட்டார். பெரியக்காவும் வந்திருந்தார். முந்தின நாள் பேத்தி பிறந்திருக்கிறாள், அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பக்கத்தின் வரலாற்றைத் திறக்கச் சொன்னார் மேலாளர் அம்மா. யார், எந்த நேரத்தில், எதை மாற்றினார்கள் என்பதெல்லாம் விக்கியில் அழியாமல் இருக்கும். பட்டியல் வந்தது. மேலே முதல் வரியில் நான் சேமித்தது நின்றது. செவ்வாய், பதினொன்று நாற்பது. காரணப் பெட்டி காலி.

“யார் தம்பி கடைசியா மாத்தினது?” என்று மேலாளர் அம்மா கேட்டார்.

“பெரியக்கா கணக்குல இருந்து சேமிச்சிருக்கு” என்றேன்.

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதுதான் என் சாமர்த்தியம். இன்னும் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். வேலை போகும், போலீஸ் வரும், ஊர் சிரிக்கும் என்று என்னென்னவோ ஓடியது. முதலில் பெரியக்கா என்ன சொல்கிறார் பார்க்கலாம் என்று நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் நினைத்தேன். அவர் சண்டை போடுவார், நான் இல்லவே இல்லை என்பார், அப்போது சொல்லிக்கொள்ளலாம்.

அவர் சண்டை போடவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “நான்தான் எதையாவது தொட்டிருப்பேன்மா. எனக்கு இதெல்லாம் வேணாம்னு அப்பவே சொன்னேன்” என்றார். அதற்கு மேல் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பழைய பக்கத்தைத் திரும்பக் கொண்டுவர எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

மேலாளர் அம்மா அவரை வேலையைவிட்டு அனுப்பவில்லை. அவரேதான் தலைமை வேண்டாம் என்றார். இனி காய் நறுக்குகிறேன், பாத்திரம் கழுவுகிறேன், ஒருத்தருக்கு எது கொடுக்கலாம் எது கூடாது என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள் என்றார். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் நின்ற அதே தொட்டி முன்னால் போய் நின்றார். அவருக்குக் கீழே இருந்த பெண் தலைமைக்கு வந்தாள்.

தையல்காரரைப் பார்க்க மருத்துவமனைக்குப் போக வேண்டும், கூட வருகிறாயா தம்பி என்று பெரியக்கா என்னைக் கேட்டார். தனியாகப் போகப் பயமாக இருக்கிறது என்றார். ஏதாவது சாக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. போனேன். தையல்காரருக்கு மூக்கு வழியாகக் குழாய் போட்டிருந்தார்கள். பெரியக்கா கட்டில் பக்கத்தில் மண்டியிட்டு, அவர் கையை எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதார். “ஐயா, என் கையாலதான் இப்படி ஆச்சு. தெரியாம பண்ணிட்டேன். என்னை மன்னிச்சிடுங்க” என்றார். நான் பக்கத்தில் அவருடைய பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தையல்காரரால் பேச முடியவில்லை. இன்னொரு கையை மெல்லத் தூக்கி, பெரியக்காவின் தலையில் வைத்து, விடும்மா என்பதுபோல இரண்டு தரம் தட்டினார். எனக்கு அங்கேயே அவர் காலில் விழுந்துவிடலாம் போல இருந்தது. விழவில்லை. திரும்பி வரும்போது பேருந்தில் பெரியக்கா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து கொஞ்சம் தூங்கினார். பல நாளைக்கப்புறம் தூங்குகிறார் என்பது பார்த்தாலே தெரிந்தது.

பதினோராம் நாள் தையல்காரர் இல்லத்துக்குத் திரும்பினார், குழாயோடு. இனி வாய் வழியாக ஒன்றும் கூடாது என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். ஆனாலும் மூன்றரைக்கு நாற்காலியை வாசல் பக்கம் திருப்பிக்கொள்வார். தள்ளுவண்டி அவரைத் தாண்டிப் போகும். ஐந்து மாதம் கழித்து ஒருநாள் காலை எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு, வயதும் ஆகிவிட்டது, இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றார் மருத்துவர். அந்தப் பேச்சை நான் தினமும் எனக்கே சொல்லிப் பார்த்துக்கொண்டேன். நெஞ்சில் கை வைத்துச் சொல்கிறேன், ஒருநாளும் நம்பவில்லை. அந்த ஐந்து மாதத்தில் நான் யாரிடமும் சத்தம் போடவில்லை. கம்ப்யூட்டர் திருந்திவிட்டான் என்று பேசிக்கொண்டார்கள்.

தையல்காரர் போய் மூன்று வாரம் இருக்கும். பெரியக்கா பழைய நோட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். அன்றைக்குத் தான் செய்தது என்ன தப்பு என்று காட்டச் சொன்னார். புதுத் தலைமைப் பெண் இப்போது பக்கத்தை எழுதுகிறாள், அவளும் அதே குழியில் விழுந்துவிடக் கூடாது, எழுதிக் கொடுத்துவிட்டால் எச்சரிக்கையாக இருப்பாள் என்றார். நான் இன்றைக்கு, நாளைக்கு என்று ஒரு வாரம் இழுத்தடித்தேன். எட்டாம் நாள் மூன்று மணிக்கு மளிகை அறையில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார், காட்டாமல் எழுந்திருக்க மாட்டேன் என்று.

வரலாற்றைத் திறந்து, அந்த மாற்றத்தைக் காட்டினேன். இடப்பக்கம் பழையது, வலப்பக்கம் புதியது, மாறிய இடம் மட்டும் நிறம் மாறி நின்றது. பெரியக்கா விரலை வைத்து இறங்கி வந்தார். மறைக்கும் குறியில் விரல் நின்றது.

“இது என்ன தம்பி? இது என் நோட்டுல இல்லையே.”

“அது மறைக்கிற குறி. தெரியாம விரல் பட்டிருக்கும் அக்கா.”

ஆறு மாதமாகப் பொய் சொல்லாமல் சமாளித்தவன், அப்போது முழுப்பொய்யே சொன்னேன். அந்தக் குறி நாலு சின்னம் சேர்ந்தது; தெரியாமல் விரல் பட்டு நாலும் வரிசையாக வருமா, அதுவும் மூன்று இடத்தில்? பச்சைக் குழந்தை நம்பாது. பெரியக்கா நம்பினார். சொன்னவன் நான் ஆயிற்றே. “ஓ, அப்ப என் விரல்தான்” என்று தலையை ஆட்டிக்கொண்டார். நோட்டில் புதுப் பக்கத்தைத் திருப்பினார். திரையைப் பார்ப்பதும் குனிவதுமாக, அந்தக் குறியை அப்படியே பெரிதாக வரைய ஆரம்பித்தார். பக்கத்தில் ‘என் தப்பு’ என்று தலைப்புப் போட்டு, அடியில் கோடு இழுத்தார்.

என்னால் பார்க்க முடியவில்லை.

“எழுதாதீங்க அக்கா. அது நீங்க இல்ல. நான்.”

எல்லாவற்றையும் சொன்னேன். மௌஸ் மாட்ட வந்தது, நாற்காலியில் உட்கார்ந்தது, அதிகாரிகள் சிரிப்பார்கள் என்று மறைத்தது, தொலைபேசி, சேமித்தது. ஆய்வுக்கு வந்த அதிகாரிகள் அந்தப் பக்கத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை, அதையும் சொன்னேன். பெரியக்கா பேனாவை மூடி வைத்தார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன்.

“ஆஸ்பத்திரியில என் பக்கத்துலதான நின்ன?” என்று கேட்டார்.

நின்றேன் என்றேன்.

மேலாளர் அம்மாவிடம் இப்போதே போகிறேன் என்று எழுந்தேன். போ என்று தலையசைத்தார். போய்ச் சொன்னேன். மேலாளர் அம்மா முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு என் சாவிக் கொத்தை மேசைமேல் வைக்கச் சொன்னார். பெரியக்காவைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டார், தலைமையைத் திரும்ப ஏற்றுக்கொள்ளச் சொன்னார். தையல்காரரின் உடன்பிறந்த தம்பிக்கு நடந்ததை எழுதி அனுப்பப்போவதாகவும், அதில் என் பெயர் இருக்கும் என்றும் என்னிடம் சொன்னார். இருக்கட்டும் என்றேன்.

வெளியே போகும் முன் சமையலறைக்குப் போனேன். பெரியக்கா காரட் நறுக்கிக்கொண்டிருந்தார். வாசற்படியிலேயே நின்றுகொண்டு, நீங்களாவது என்னை மன்னிக்க வேண்டும் அக்கா என்று கேட்டேன். அவர் கத்தியைக் கீழே வைத்தார்.

“எனக்குப் பண்ணினத நான் விட்டுட்டேன் தம்பி. அது என்னோடது, நான் விடலாம்” என்றார். “ஆனா அந்த மனுஷன் என் தலையில கை வச்சாரு பாரு, அது உனக்கு வந்திருக்க வேண்டியது. நான் வாங்கிட்டு வந்துட்டேன். அத உனக்கு எப்படிக் குடுக்கறதுன்னு எனக்குத் தெரியல.”